பழக ஆரம்பிக்கும்போதே சாமியைப் பற்றிப் பேசிவிடுங்கள்

வேறு மதத்தைச் சேர்ந்த ஒருவரோடு பழக ஆரம்பித்திருக்கும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, இந்தப் பேச்சை எப்ப எடுக்கிறது?" என்பதுதான். வீட்டில் சொல்வதற்கு ரொம்ப முன்னால் எடுங்கள் என்பேன். இவரைவிட்டால் வேறு வாழ்க்கை இல்லை என்று மனம் முடிவு கட்டுவதற்கும் முன்னால். அந்த முடிவுக்கு வந்துவிட்டால், எதைக் கேட்டாலும் ஒருவர் "பாத்துக்கலாம்" என்பார், மற்றவர் "சரி" என்பார். பேசின மாதிரி இருக்கும், ஒன்றும் பேசியிருக்க மாட்டீர்கள்.

நான் பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். தாத்தா கிராமத்துச் சபைகளில் உபதேசியாராக இருந்தவர். ராத்திரி குடும்ப ஜெபம் முடியாமல் எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டை எடுக்க முடியாது. 1826-ல் எழுந்த ஊசிக்கோபுரம் சர்ச்சில்தான் எனக்கு ஞானஸ்நானமும், வளர்ந்த பிறகு விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தலும் நடந்தன. என் கணவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிராமம். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் இழுக்க லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர். சிவராத்திரிக்குக் குலதெய்வம் கருப்பசாமி கோயிலில் குடும்பமே கூடும். சென்னையில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். எங்கள் இரண்டு பேருக்குமே பக்தி உண்டு. பெயருக்கு ஒரு மதம் என்று இருப்பவர்களுக்கு நான் இங்கே எழுதுவதில் பாதி தேவைப்படாது.

கேட்டுத் தெரிந்துகொள்ள எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை. பியூ ஆய்வு மையம் 2021-ல் இந்தியாவைப் பற்றி வெளியிட்ட அறிக்கையின்படி, திருமணமான இந்துக்களில் 99 சதவீதம் பேருக்கும், முஸ்லிம்களில் 98 சதவீதம் பேருக்கும், கிறிஸ்தவர்களில் 95 சதவீதம் பேருக்கும் துணை அதே மதத்தில்தான். என் சொந்தத்திலும் மதம் தாண்டிய காதல்கள் நடந்திருக்கின்றன. ஆனால் கல்யாணத்துக்கு முன்பே யாராவது ஒருவர் மாறிவிடுவார். இரண்டு பேரும் அவரவர் நம்பிக்கையோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பது என்று எந்த அத்தையிடமும் கேட்க முடியவில்லை.

நான் பேச்சை எடுத்தபோது அவர் சொன்ன முதல் வாக்கியம், "எங்களுக்கு எல்லா சாமியும் ஒண்ணுதான். நாங்க வேளாங்கண்ணிக்குக்கூட போவோம்." அவர் மனதாரச் சொன்னார். அவர் குடும்பம் உண்மையிலேயே வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்ட குடும்பம். இதைக் கேட்டதும் நிறையப் பெண்களுக்கு நிம்மதியாக இருக்கும். எனக்கு இருக்கவில்லை. அவருக்கு இன்னொரு சாமியைக் கும்பிடுவதால் எதுவும் குறையாது, பூஜை அறையில் இயேசு படமும் ஒன்று சேரும், அவ்வளவுதான். எனக்கு அப்படி இல்லை. ஒருவரைத் தவிர வேறு யாரையும் ஆராதிப்பதில்லை என்பதுதான் என் விசுவாசமே. அவர் சர்ச்சுக்கு வந்து முழங்காலில் நிற்பார், நான் கோயிலில் திருநீறு பூசிக்கொள்ள மாட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் அவர் பரந்த மனசுக்காரர், நான் பிடிவாதக்காரி. இந்தச் சமமின்மையைப் பேசாமல் விட்டால், வருஷம் போகப்போக அது கணக்காக மாறும். "நான் உனக்காக எவ்வளவு வந்தேன், நீ எனக்காக ஒரு தடவை கும்பிடக்கூடாதா?" என்று ஒருநாள் கேட்பார், அதில் நியாயம் இருக்கிற மாதிரியும் தெரியும். அதனால் அன்றைக்கே சொன்னேன்: "உங்களுக்கு எல்லாம் ஒண்ணு, எனக்கு ஒண்ணு இல்ல. இதை நீங்க மாத்த வேண்டாம், ஆனா இது இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க." அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அப்ப எங்க வீட்டு விசேஷத்துக்கு வரவே மாட்டியா?" என்றார். அதுதான் எங்களுக்குள் வந்த முதல் நல்ல கேள்வி.

ஏனென்றால் அதற்குப் பதில் சொல்ல முடியும். நீ கடவுளை நம்புகிறாயா, எப்படிப்பட்ட கடவுள் என்றெல்லாம் கேட்டால் இரண்டு பேரும் அழகாகப் பேசிவிட்டு எழுந்து போவோம். கை என்ன செய்யும், வாய் என்ன சாப்பிடும், ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே இருப்போம் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். வருவேன் என்றேன். பொங்கல் வைக்க அடுப்பு மூட்டுவேன், பரிமாறுவேன், கோயில் வாசலில் எல்லாரோடும் உட்கார்ந்திருப்பேன். கும்பிட மாட்டேன், திருநீறு, குங்குமம் வைத்துக்கொள்ள மாட்டேன். பொட்டு வைப்பேனா? வைப்பேன், அது எனக்கு அலங்காரம். இதையே என் அம்மாவிடம் கேட்டால் வேறு பதில் வரும், பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் என் சித்தியிடம் கேட்டால் நகைக்கும் பூவுக்கும்கூட வேறு பதில். உங்கள் மதத்தின் பதிலை யாரும் கேட்கவில்லை, உங்கள் பதிலைச் சொல்லுங்கள்.

படைத்ததைச் சாப்பிடுவதுதான் எனக்கு நாள்பட்ட யோசனையாக இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து சுண்டல் வந்தால், அம்மா சிரித்த முகத்தோடு வாங்கி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் விடுவார். விக்கிரகத்துக்குப் படைத்தது என்பார். என் கணவர் ஊரில் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினால் அந்தக் கறிச்சோறுதான் விருந்தே, சொந்தக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதுதான் உறவே. கடைசியில் நான் எடுத்த முடிவு, அன்போடு இலையில் வைப்பதைச் சாப்பிடுவேன், பூசாரி கையால் கொடுக்கும் பிரசாதத்தை வாங்க மாட்டேன் என்பது. இதில் தர்க்கம் எங்கே என்று அவர் கேட்டார். என் மனசாட்சிக்கு இந்த இடம்தான் எல்லை, இதற்கு மேல் விளக்கம் இல்லை என்றேன். ஏற்றுக்கொண்டார். இப்படி விளக்கம் இல்லாத எல்லைகள் அவருக்கும் இருந்தன. எங்கள் வீட்டில் மாட்டுக்கறி சமைப்பதில்லை என்பது அவர் கேட்டது, நான் ஒத்துக்கொண்டேன்.

பேசிக்கொண்டே இருப்பதைவிட ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. பெசன்ட் நகர் கடற்கரையில் அஷ்டலட்சுமி கோயிலும் இருக்கிறது, வேளாங்கண்ணி மாதா கோயிலும் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து நிறையப் பேசியிருக்கிறோம். ஆனால் அது எங்கள் இரண்டு பேருடைய நிஜமான இடமும் கிடையாது. அவரை நான் போகிற சபைக்கே கூட்டிப்போனேன். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்று பண்டிகைக்குக் கூப்பிட வேண்டாம், எல்லாமே அழகாக இருக்கும். சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் கூப்பிடுங்கள். அன்றைக்குப் பிரசங்கத்தில் ஆயர், விக்கிரக ஆராதனைக்காரர்களுக்கு என்ன நேரும் என்று நீளமாகப் பேசினார். நான் எத்தனையோ முறை கேட்ட பிரசங்கம்தான். பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்ததால் முதல்முறையாக அதன் ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது.

வெளியே வந்து டீ குடிக்கும்போது அவர் கேட்டார்: "நான் நரகத்துக்குப் போவேன்னு நீ நம்புறியா?"

வேறு மதத்தவரோடு பழகும் கிறிஸ்தவப் பெண்ணோ பையனோ இந்தக் கேள்விக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும், முஸ்லிம் பிள்ளைகளும்தான். மழுப்பாதீர்கள். நான் சொன்னது இது: "சின்ன வயசிலேர்ந்து எனக்கு அப்படித்தான் கத்துக்கொடுத்தாங்க. உங்களைப் பத்தி அப்படி நினைக்க என்னால முடியல. ரெண்டும் எனக்குள்ள இருக்கு. தீர்ப்பு சொல்ற வேலை என்னோடது இல்ல." அவருக்கு அது இனிப்பான பதில் கிடையாது. இருந்தாலும் பொய் இல்லை என்று தெரிந்தது. உடனே அடுத்ததையும் கேட்டார். "நான் மாறணும்னு ஜெபிப்பியா?" என் அம்மா நிச்சயம் ஜெபிப்பார் என்றேன். நான் அவருக்காக ஜெபிப்பேன், ஆனால் மாறச் சொல்லி வாயால் ஒருநாளும் நச்சரிக்க மாட்டேன், பிள்ளைகளை வைத்தும் கேட்க மாட்டேன் என்றேன். அதை இன்றுவரை காத்து வருகிறேன்.

ஒளித்துவைத்த ஆசை இரண்டு பக்கமும் இருக்கும். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளை மனம் திரும்பிவிடுவான் என்று நம் பக்கத்துச் சொந்தங்கள் காதில் ஓதுவார்கள். கல்யாணம் ஆனால் மருமகள் தானாகக் குங்குமம் வைத்துக்கொள்வாள், பழகிவிடுவாள் என்று அவர்கள் பக்கத்தில் ஓதுவார்கள். இந்த ஆசையை மனதில் வைத்துக்கொண்டு பழகுவது எதிரில் இருப்பவருக்குச் செய்யும் அநியாயம். இவர் இப்போது இருக்கிறபடியே சாகும்வரை இருப்பார் என்று எடுத்துக்கொண்டு, அப்படிப்பட்டவரோடு வாழ முடியுமா என்று உங்களையே கேளுங்கள். முடியாது என்று பதில் வந்தால் அதையும் மதியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, ஒரு பெண்ணோடு பழகி, இப்படி உட்கார்ந்து பேசி, பிள்ளைகள் விஷயத்தில் இரண்டு பேராலும் இறங்கிவர முடியாது என்று தெரிந்து விலகினான். அழுதார்கள். இன்று இரண்டு பேரும் தனித்தனியே நன்றாக இருக்கிறார்கள், ஒருவரைப் பற்றி மற்றவர் ஒரு குறை சொல்வதில்லை. அந்தப் பேச்சு வெற்றிதான் என்று நான் நினைக்கிறேன்.

மதத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அடியில் சாதி ஓடும். இதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. எங்கள் தென் மாவட்டங்களில் ஒரே சாதிக்குள் இந்து, கிறிஸ்தவக் கல்யாணங்கள் தலைமுறைகளாக நடக்கின்றன. என் பெரியப்பா பெண் அப்படித்தான் கட்டினாள். மாப்பிள்ளை ஞானஸ்நானம் எடுத்தார், சர்ச்சில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசித்தார்கள், சபை மொத்தமும் வந்து பிரியாணி சாப்பிட்டது. அதே பெரியப்பாதான் என் விஷயம் தெரிந்ததும், விசுவாசியல்லாதவரோடு இணையக் கூடாது என்கிற "அந்நிய நுகம்" பைபிள் வசனத்தைச் சொன்னார். அவர் பெண்ணுக்கு இல்லாத நுகம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் பதில் லேசாகக் கிடைத்துவிடும். இவர் வேறு சாதி. அதனால் பழகும்போதே நேராகக் கேளுங்கள்: "உங்க வீட்ல எதிர்ப்பு வந்தா அது மதத்துக்கா, சாதிக்கா?" பதிலைப் பொறுத்து ஆபத்தும் மாறும். ஆணவக் கொலைகள் நடக்கும் நாட்டில்தான் வாழ்கிறோம். 2018-ல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட தம்பதிகளின் பாதுகாப்புக்காக மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும் என்று உத்தரவிட்டது. உங்கள் மாவட்டத்தில் யாரிடம் போக வேண்டும் என்பதை வீட்டில் சொல்வதற்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

"கல்யாணத்துக்காக ஒரு ஞானஸ்நானம்தானே, எடுத்துக்கிட்டா என்ன?" என்று லேசாகக் கேட்பவர்களும் உண்டு. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு நண்பரிடம் அவருடைய காதலி வீட்டில் இதைக் கேட்டார்கள். 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி. கிறிஸ்தவராக மாறினால் அது போய்விடும். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போவார்கள். பெயருக்கு மாறிக்கொண்டு சான்றிதழில் இந்து என்று வைத்துக்கொள்வதும் சரிப்படாது. ஞானஸ்நானம் பெற்று கிறிஸ்தவராக வாழ்ந்தபடியே இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட ஒரு பெண்ணின் வழக்கை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. காதலுக்காக இதைக் கேட்கிறவர்கள் என்ன கேட்கிறோம் என்று தெரிந்து கேட்க வேண்டும்.

ஒரே மதம்தானே என்று பேசாமல் விடுவதும் உண்டு. என் ஹாஸ்டல் தோழி ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கம், அவள் பழகியவர் சி.எஸ்.ஐ. ரெண்டு பேரும் கிறிஸ்தவங்கதானே என்று நிச்சயம்வரை போய்விட்டார்கள். அப்புறம்தான் பங்குத்தந்தை விளக்கினார். கத்தோலிக்கர் வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவரைக் கட்ட முன்கூட்டியே அனுமதி வேண்டும், ஞானஸ்நானமே பெறாதவரைக் கட்ட மறைமாவட்ட ஆயரிடமிருந்து விதிவிலக்கு வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் முடிந்ததைச் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும், அந்த வாக்கு மற்றவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் கொதித்துவிட்டார்கள். கல்யாணம் நடந்தது, ஆனால் நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் அவள் பட்ட பாடு பேசித் தவிர்த்திருக்கக்கூடியது. ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ பெயர் சொல்லாமல்கூட ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்ளலாம்.

பிள்ளைகள் பேச்சு எங்களுக்கும் எளிதாக இல்லை. குலதெய்வம் கோயிலில் முடி இறக்கிக் காது குத்துவது அவர் வீட்டில் தாய்மாமன் உறவு வரைக்கும் போகிற விஷயம். குழந்தை ஞானஸ்நானம் என் வீட்டில் அதே அளவுக்கு. குழந்தைக்குத் தமிழ்ப் பெயர், சர்ச்சில் நடக்கும் ஓய்வுநாள் பள்ளிக்கு என்னோடு வரும், சிவராத்திரிக்கு அப்பாவோடு ஊருக்குப் போகும், ஞானஸ்நானம் அதுவே வளர்ந்து முடிவு செய்யட்டும் என்பதுவரை வந்தோம். என் நம்பிக்கைப்படி இதில் நான் விட்டுக்கொடுத்தது பெரிது. அது அவருக்குத் தெரியும். காதுகுத்து முடிவாகவில்லை. முடிவாகவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பணத்தையும் பேசுங்கள். நான் சம்பளத்தில் தசமபாகம் கொடுக்கிறேன், அது பத்தில் ஒரு பங்கு. வாடகை, இஎம்ஐ என்று கணக்குப் போடுகிறவருக்கு இது அதிர்ச்சியாக இருக்கலாம். அவர் குலதெய்வக் கோயிலுக்கு வரி கொடுக்கிறார், கோயில் திருப்பணி வந்தால் தனியாகவும் கேட்பார்கள். சாவைப் பற்றியும் பேசினோம். எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில் சபையாருக்குத்தான் இடம். அவருக்கு அங்கே இடம் கிடையாது, அவர் விரும்புவது தகனம். பழகும்போது சாவா என்று முகம் சுளிக்க வேண்டாம், வயதான பெற்றோர் இருக்கும் வீட்டில் இது சீக்கிரமே வரும் கேள்வி. மாமனாருக்குக் கொள்ளி வைக்கும்போது நான் எங்கே நிற்பேன், என் அப்பா அடக்க ஆராதனையில் அவர் என்ன செய்வார் என்பதுவரை பேசி வைத்தோம்.

மதம் மாறாமல் கட்ட நாங்கள் எடுத்த வழி 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். சுயமரியாதைத் திருமணத்துக்கான தமிழ்நாட்டுச் சட்டப் பிரிவு இரண்டு இந்துக்களுக்குத்தான் பொருந்தும். சிறப்புத் திருமணச் சட்டத்தில், இருவரில் ஒருவராவது குறைந்தது 30 நாள் வசித்த மாவட்டத்தில் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது 30 நாள் பலகையில் தொங்கும். வயது, ஏற்கெனவே உயிரோடிருக்கும் துணை, தடுக்கப்பட்ட உறவுமுறை போன்ற சட்டக் காரணங்களுக்காக மட்டும்தான் ஆட்சேபம் செல்லும். பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்பதோ மதம் வேறு என்பதோ காரணமாகாது. அறிவிப்புக் கொடுத்த மூன்று மாதத்துக்குள் மூன்று சாட்சிகளோடு திருமணத்தை முடிக்க வேண்டும். சொத்திலும் மாற்றம் உண்டு. இந்து ஒருவர் இப்படி வேறு மதத்தவரைக் கட்டினால் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார், அவருடைய வாரிசுரிமைக்கு 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அவர் வீட்டில் பங்கு பிரிக்காத நிலம் இருந்ததால் ஒரு வக்கீலிடம் போய்க் கேட்டோம். நீங்களும் கேளுங்கள்.

இதில் ரொம்பப் பேருக்குத் தெரியாத ஒன்று: நீங்கள் சென்னையில் அறிவிப்புக் கொடுத்தாலும், உங்கள் நிரந்தர முகவரி வேறு மாவட்டமாக இருந்தால் அதன் பிரதி அங்கேயும் போய்ப் பலகையில் ஏறும். ஊரில் யாராவது பார்ப்பார். அதனால் ஆபத்து இல்லாத வீடு என்றால், பலகை சொல்வதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் பாளையங்கோட்டைக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, "ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போவ விடுவானா?" அப்புறம் பிள்ளைகள், அப்புறம் கருப்பசாமி கோயில், கடைசியில் கல்லறை. எல்லாமே நாங்கள் முன்பே பேசியிருந்தவை. முடிவானதை முடிவானது என்றும், ஆகாததை ஆகவில்லை என்றும் சொன்னேன். அம்மா உள்ளே இருந்தபடியே, "ஏட்டி, இதெல்லாமா பேசிட்டுத் திரிஞ்சீங்க?" என்றார்.

பதிவு அன்று அப்பா வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மாமியாரும் மாமனாரும் வந்தார்கள். அம்மா வரவில்லை. இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறார், தங்குகிறார், ஞாயிற்றுக்கிழமை சபைக்கு என்னோடு வருகிறார். மருமகனுக்காக ஜெபிப்பதையும் விடவில்லை. அது அவருக்கும் தெரியும், "ஜெபிச்சுக்கோங்க அத்தை" என்று சொல்லிவிட்டு எங்களை சர்ச் வாசலில் இறக்கிவிட்டுப் போவார்.